ரோஸ்லெட் வீட்டு மேற்குச் சன்னல்

சன்னல் என்பது வீட்டுக்குள் இருப்பவர் வெளியே பார்ப்பதற்காகச் சுவரில் விட்டுவைத்த இடைவெளி என்று படித்தவர், படிக்காதவர், கொத்தனார், இன்ஜினியர் ஆகிய அனைவரும் நம்பிவருகிறார்கள். மனித குலத்தின் பிழைகளில் இது எத்தனையாவது என்று வரிசைப்படுத்த இங்கே இடமில்லை. ஆனால் பிழை என்பதில் ஐயமில்லை. ஆங்கிலேயர் அதை விண்டோ என்கிறார்கள். அந்தச் சொல் அவர்களுடையதே அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் படகேறி வந்து அவர்களைக் கொள்ளையடித்து, அதில் களைத்துப்போய் அங்கேயே குடியமர்ந்துவிட்ட வடதேசத்துக் கடலோடிகள் கொடுத்த சொல் அது. விண்ட் என்றால் காற்று, அவுகா என்றால் கண். இரண்டும் சேர்ந்தால் காற்றின் கண். அதற்கு முன்பு ஆங்கிலேயரிடம் கண்கதவு என்றும் கண்துளை என்றும் பொருள்படும் சொந்தச் சொற்கள் இருந்தன. அவற்றில் மனிதர் பார்த்தார், காற்று சும்மா இருந்தது. கடலோடிகளின் சொல்லிலோ பார்ப்பது காற்று, பார்க்கப்படுவதுதான் மனிதர். நம்மவர்கள் காலதர் என்ற பழைய சொல்லில் காற்றுக்கு வழிவிட்டார்களே தவிர, கண் கொடுக்கவில்லை. பிறகு போர்ச்சுக்கீசியரிடமிருந்து சன்னலை வாங்கி, அது பிறந்த வீட்டில் சின்னக் கதவு என்று பொருள்பட்டதை விசாரிக்காமலே சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்தப் பிழையைப் புத்தகத்தின் உதவியில்லாமல் திருத்திக்கொண்ட ஒரே ஊர் ஊதுவிளை.

ஊதுவிளை, மேற்குமலை இரண்டாகப் பிளந்து நிற்கும் கணவாயின் வாசலில் இருக்கிறது. ஆனியில் தொடங்கி ஆடி முடியும்வரை அரபிக்கடலின் காற்று மொத்தமும் வேறு பாதையே தெரியாததுபோல அந்த ஊர் வழியாகத்தான் கிழக்கே போகும். அந்த நாட்களில் ஊர்க்காரர்கள் மேற்குப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நடப்பார்கள், துணியைக் கொடியில் முடிச்சுப் போட்டுக் காயவைப்பார்கள், சோற்றில் மணல் கடிபட்டால் சமைத்தவரைக் குறை சொல்லமாட்டார்கள். ஆடி முதல் தேதி எல்லா வீடுகளிலும் மேற்குச் சன்னல்களைச் சாத்தி, அவற்றின் மேல் நனைத்த சாக்குகளைக் கட்டித் தொங்கவிடுவதும், ஆவணி முதல் தேதி அவற்றை அவிழ்ப்பதும் வழக்கம். அந்த வருஷம் ஆடி மூன்றாம் தேதி காலையில் சாக்குகள் தரையில் கிடந்தன, சன்னல்கள் திறந்திருந்தன, ஒவ்வொரு சன்னலிலும் ஒரு கண் இருந்தது.

சன்னல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கண். பச்சை பெயின்ட் அடித்த சன்னல்களில் பச்சையோடிய கண்ணும் தேக்குச் சன்னல்களில் தேன்நிறக் கண்ணும் இருந்தன. கம்பிகள் இமைமயிர்களாக வளைந்திருந்தன. இரட்டைக் கதவுச் சன்னல்கள் இரண்டு பக்கமிருந்தும் இமைத்தன. வென்டிலேட்டர்களில் கோழிக்குஞ்சுக் கண்கள் உருண்டன. எல்லாம் வீட்டுக்குள்ளேயே பார்த்தன. வெளியே போய் நின்று பார்த்தால் வெறும் சன்னல்தான், கண்ணின் அடையாளமே இல்லை. முதலில் கவனித்தவள் அடுப்பில் பால் வைத்திருந்த ஒரு மருமகள்.

"அத்தே, பாத்துட்டு நிக்குது."

"நீயும் பாரு. யாரு முதல்ல இமைக்கியான்னு பாப்பம்" என்றாள் மாமியார். பால் பொங்கியது. அதைப் பற்றித்தான் அன்று அந்த வீட்டில் பேச்சு நடந்தது.

முதல் நாள் கொஞ்சம் பயந்தார்கள், இரண்டாம் நாள் வெட்கப்பட்டார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த விருந்தாளி தூசிக்காற்றில் நின்றால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். சிவந்திருந்த கண்களுக்கு நந்தியாவட்டைப் பூவை நீரில் ஊறவைத்து ஒத்தடம் கொடுத்தார்கள். ஏணி வைத்து ஏறி மை இட்டார்கள். குளியலறை வென்டிலேட்டர்களைப் பார்த்து, "கொஞ்சம் மூடிக்கோ" என்றால் அவை மூடிக்கொண்டன, கூப்பிட்டால்தான் திறந்தன, அந்த விஷயத்தில் ஊரில் சிலரைவிட அவற்றுக்கு ஒழுக்கம் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். அம்மன் கோயில் பூசாரி, ஆடி மாதம் அம்மன் பார்க்கிறாள் என்றார். பங்குச்சாமியார், எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று பிரசங்கம் வைத்தார். இரண்டு கூட்டமும் தத்தம் கருத்தில் உறுதியாக இருந்து, மை மட்டும் ஒரே கடையில் வாங்கியது. கண் முகாமுக்கு வந்த டாக்டர் ஒருவர் எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி இருபது சன்னல்களைச் சோதித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் தூரப்பார்வை நன்றாக இருக்கிறது, கிட்டப்பார்வைதான் மோசம், கண்ணாடி போட்டால் சரியாகும் என்று எழுதிக்கொடுத்தார். அந்த வாரம் ஹார்டுவேர் கடைகளில் கண்ணாடி தீர்ந்துபோயிற்று.

தூரப்பார்வை நன்றாக இருப்பதன் பொருள் பத்தாம் நாள் வாக்கில்தான் புரிந்தது. ஸ்டூல் போட்டு நின்று மை இட்ட பெண்ணொருத்தி கருவிழிக்குள் தன் முகத்தைத் தேடினாள். அங்கே மஸ்கட்டில் இருக்கும் அவள் மகன் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். காற்று தான் வந்த வழியில் பார்த்ததையெல்லாம் கண்ணில் வைத்திருந்தது. எந்த வீட்டுக்குள் பார்க்கிறதோ அந்த வீட்டுக்குரியதை மட்டும் அந்த வீட்டாருக்குக் காட்டியது. "தீயைக் கொறைல, கருகுது" என்று அவள் கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் குறைத்திருக்கமாட்டான். வேலையில் இருப்பதாகச் சொன்ன கொல்லத்து மருமகன் ஒருவன் கள்ளுக்கடையில் கால்மேல் கால் போட்டிருந்தான். பத்து வருஷமாக வராத ஒருவன், தன் அறைச் சுவரில் ஊதுவிளைக் கோயில் காலண்டரை ஒட்டிவைத்திருந்தான். அதைப் பார்த்த அவன் அக்கா அன்று முழுவதும் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். செய்தி போன் வழியாகக் கடல் கடந்தபோது, அங்கிருந்த ஊதுவிளைப் பையன்கள் சிலர் தங்கள் சன்னல்களைச் சாத்தினார்கள். வேறு சிலர் நல்ல சட்டை போட்டு, தலையைச் சீவி, மாலையில் சன்னலருகே வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

ரோஸ்லெட்டுக்கு மட்டும் மேற்குச் சன்னல் இல்லை.

இருந்தது, எட்டு வருஷத்துக்கு முன்னால். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துவந்த அவள், வெளிச்சத்துக்காக மேற்குச் சுவரில் ஒரு சன்னல் வைத்தாள். அந்தச் சன்னல் பக்கத்து வீட்டு வேதமாணிக்கத்தின் கிணற்றடியைப் பார்த்தது. அவர் மனைவி சாந்தபாய் அங்கேதான் குளிப்பாள். பேச்சு முற்றி, பஞ்சாயத்துக் கூடி, ரோஸ்லெட்டின் கணவன் ஞானசீலன் பெரியவர்கள் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்: மேற்படி சன்னல் நிரந்தரமாக அடைக்கப்படும். ரோஸ்லெட் செங்கல் அடைத்த இடத்தின் முன்னால் பீரோவை நகர்த்தி வைத்து, பக்கத்து வீட்டோடு பேச்சையும் நிறுத்தினாள். ஞானசீலன் ஓமனில் உள்ள சலாலா துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனான்.

ஞாயிறு தவறாமல் பேசுகிற அவன், ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் பேசினதோடு சரி. போன் அடிக்கவே இல்லை. கம்பெனி நம்பரில் யாரோ எடுத்து, யாருக்கும் புரியாத பாஷையில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள். தூத்துக்குடியில் ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் ரோஸ்லெட், "அப்பா பேசினாரு, உன்னைய கேட்டாரு" என்று சொல்லிவைத்தாள். தெரிந்தவர் வீட்டுச் சன்னல்களில் எல்லாம் போய்ப் பார்த்தாள். அந்தந்த வீட்டுக் கண்கள் அந்தந்த வீட்டுப் பிள்ளைகளைத்தான் காட்டின. யாருடைய மகனோ பல் விளக்குவதைப் பார்த்துவிட்டு வந்து மிஷினில் உட்காருவாள். ஒரு நாள் பீரோவை நகர்த்திவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு செங்கலின் முன்னால் நின்றாள். உடைத்தால் அவன் கொடுத்த வாக்கையும் உடைக்க வேண்டும். இருக்கிறானா என்று தெரியாத மனிதனின் வாக்கை உடைப்பது, அவன் இல்லை என்று தானே முடிவுகட்டுவதுபோல அவளுக்குப் பட்டது. சுத்தியலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

வேதமாணிக்கம் நாற்பது வருஷம் பத்திர ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர். எழுதாத எதையும் நடந்ததாக ஒப்புக்கொள்ளமாட்டார். கல்யாணமான புதிதில் மனைவிக்கு எழுதிய முதல் கடிதத்தையே, எழுதிக்கொடுத்த உறுதிமொழி யாதெனில், என்று தொடங்கியவர்.

"மாமா" என்றாள் ரோஸ்லெட்.

"சொல்லுங்க" என்றார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் அவளிடம் அப்படிப் பன்மையில் பேசியதில்லை.

"அந்தச் சன்னலைத் தொறக்கணும். ஆடி முடியிறது வரைக்கும் போதும். பொறவு நானே அடைச்சிருதேன்."

"பத்திரத்துல நிரந்தரமாகன்னு இருக்கு. ஆடி நீங்கலாகன்னு இல்ல."

"எழுதினது நீங்கதானே."

"அதனாலதான் சொல்லுகேன். நான் எழுதினதை நானே மாத்தினா, நாப்பது வருஷம் நான் எழுதின வீடு, வயலு, தோப்பு எல்லாத்துக்கும் என்ன மரியாதை?"

"அந்தாளு ஒரு நல்ல வார்த்தைக்கும் முத்திரைத்தாள் கேப்பாரு. நீ உக்காரு மக்ளே, காப்பி குடி" என்று உள்ளேயிருந்து சாந்தபாய் குரல் கொடுத்தாள். அவர்கள் வீட்டு மேற்குச் சன்னலின் முன்னால் உட்கார்ந்து அவள் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, மேற்கே யாரும் இல்லை. அதனால் அந்த வீட்டுக் கண்ணில் வெறும் கடல் மட்டும் தெரிந்தது என்று ஊரில் சொன்னார்கள். ரோஸ்லெட் காப்பி குடிக்காமல் திரும்பினாள்.

ஆடி இருபத்துநான்காம் தேதி, மேனிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் கிரேஸ்பெல் டீச்சர் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள்.

"அக்கா, விண்டோன்னா என்னன்னு தெரியுமா?"

"சன்னல். ஒண்ணாங் கிளாசுப் பிள்ளைக்கும் தெரியும். மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க டீச்சர், பொறவு டைட்டுன்னு கொண்டுவருவீங்க."

டீச்சர் மூச்சை விட்டாள். அந்த மூச்சிலேயே கடலோடிகளையும் காற்றையும் கண்ணையும் சொல்லி முடித்தாள். அளவுநாடா ரோஸ்லெட்டின் கையில் அப்படியே நின்றது.

"அப்ப அது வெளிய பாக்கதுக்கு உள்ளது இல்ல."

"இல்ல. வெளிய இருந்து உள்ள பாக்கது."

மறுபடி அவள் வேதமாணிக்கத்தின் முன்னால் போய் நின்றபோது உட்காரச் சொல்லக் காத்திருக்கவில்லை. "மாமா, கண்ணு எங்க வீட்டுக்கு உள்ளயாக்கும் பாக்கது. உங்க கிணத்தடிக்கு அதோட பின்மண்டைதான்."

"கண்ணுக்கு ஏது பின்மண்டை?" என்றார் அவர். ஆனால் பேனா நின்றுவிட்டது. "இதுக்கு ஆதாரம்?"

"கிரேஸ்பெல் டீச்சர் சொன்னாங்க."

"வாய்ச்சாட்சி. புத்தகம் வேணும்."

அடுத்த நாள் அவரே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, நூலகத்தில் தலையணை பருமனுள்ள அகராதியைத் திறந்து பார்த்துவிட்டு, மாலையில் ஊதுவிளை பஸ் நிறுத்தத்திலிருந்து காற்றுக்குச் சாயாமல் நிமிர்ந்தே நடந்து வந்தார். ரோஸ்லெட் வாசலில் நின்றாள். "இருக்கு" என்றார், புதையல் எடுத்தவரைப்போல. "நீங்க சொன்னது அப்படியே இருக்கு. முன்னால எழுதின ஒப்பந்தம் வெளியே பார்க்கும் சன்னலைப் பத்தினது. இது வேற சன்னல். இதுக்குத் தடை இல்ல. தடை இல்லேன்னு ஒரு பத்திரம் எழுதிப் பதிஞ்சா போதும், தொறந்திரலாம்."

அவளுக்கு வந்த சந்தோஷம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள்தான், நாற்பது வருஷத்தில் இப்படியொரு விஷயம் கைக்குக் கிடைக்காத மனிதனிடம் அதைக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. பத்திரம், வடதேசத்துக் கடலோடிகளின் பாஷையில், என்று தொடங்கியது. நான்காம் பக்கத்தில்தான் ஊதுவிளைக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நாளும் மதிலுக்கு மேல் தலையை நீட்டி அவளிடம் சந்தேகம் கேட்டார்.

"காத்தையும் ஒரு தரப்பா சேக்கணும். அதோட தகப்பன் பேரு என்னன்னு போடுகது?"

"மாமா, ஆடி போகுது."

"அவசரத்துல எழுதினதுலதானே போனவாட்டி ஓட்டை விழுந்துது."

ஆடி போய்க்கொண்டேயிருந்தது. காற்றின் வேகம் குறைந்தது. துணிகள் கொடியில் முடிச்சு இல்லாமலே நின்றன. ஊரின் கண்கள் மதிய நேரங்களில் சொக்கத் தொடங்கின. பகல் முழுவதும் விழித்திருக்க முடியாத கிழக்கோடி வீட்டுக் கண்கள் ஒவ்வொன்றாக மூடி, மறுபடி பார்த்தபோது வெறும் சன்னல்களாக இருந்தன. ஊர்க்காரர்கள் வெளியூருக்குப் போகிறவரை பஸ் ஏற்றிவிடுவதுபோல அவற்றின் முன்னால் நின்று, "போயிட்டு வாங்க" என்றார்கள். பதினோராம் பக்கத்தை வேதமாணிக்கம் முடித்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆபீஸ் மூடிய பிறகு. சனிக்கிழமை ஆகஸ்ட் பதினைந்து, கொடியேற்று. ஞாயிறு, ஞாயிறு. திங்கட்கிழமை ஆவணி ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்த ரோஸ்லெட் மிஷின் உறையை எடுக்கவில்லை. பீரோவின் முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, அழுதால் அது எதற்கு என்று தனக்குத்தானே சொல்லவேண்டி வரும். மகள் போன் செய்தாள், "அப்பா இன்னைக்குப் பேசினாராம்மா?" என்றாள். "இன்னும் இல்ல" என்றாள் ரோஸ்லெட், முதல் தடவையாக.

மதியம் மூன்று மணிக்குச் சுவர் அதிர்ந்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. பீரோவின் மேலிருந்த துணிக்கட்டுகளில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"யாரது?"

"நாந்தான்" என்றது சுவர், மூச்சு வாங்கியபடி. "பீரோவை நகத்து மக்ளே. கடப்பாரை பட்டுரும்."

"பத்திரம்?"

"பத்திரம் பொறவு."

அவள் முதுகைக் கொடுத்துப் பீரோவைத் தள்ளினாள். காலையிலிருந்து அவர் என்ன செய்தார் என்பதைச் சாந்தபாய் பிறகு சொன்னாள்: பதினோரு பக்கத்தையும் சுத்தமாக நகல் எடுக்க உட்கார்ந்தார், கை ஓடவில்லை. எட்டு வருஷமாகச் சுவர் வழியே மிஷின் சத்தம் கேட்டே எழுதிப் பழகிய கைக்கு அன்று சத்தம் இல்லை. ஒரு வரி எழுதுவார், காதைத் தீட்டுவார், எழுதியதை அடிப்பார். கடைசியில், "அங்க என்ன செய்யா அவ?" என்று கேட்டார். "சுவரைப் பாத்துட்டு இருக்கா. நீரு எழுதும்" என்றாள் சாந்தபாய். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தென்னங்குழி தோண்டும் கடப்பாரையைத் தேடினார். எழுபத்தோரு வயதுக்குள் அவர் தூக்கிய கனமான பொருள் அதுவரை பத்திரப் பதிவேடுதான்.

செங்கல் ஒன்று உள்ளே விழுந்தது, பிறகு மூன்று, பிறகு ஒரு கதவளவு வெளிச்சம். சட்டம் இல்லை, கம்பி இல்லை, கதவும் இல்லை. பிய்த்த ஓட்டையில், தூசியெல்லாம் அடங்குவதற்கு முன்னால், செங்கல் நிறத்தில் ஒரு கண் திறந்தது. அது பாதித் தூக்கத்தில் இருந்தது. தூசியால் நீர் வழிய, அவளைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, மிஷினைப் பார்த்து, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்து, யார் வீடு என்று யோசிப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றது. "தூங்கிராத" என்றாள் ரோஸ்லெட். முந்தானையை நனைத்து அதன் ஓரங்களைத் துடைத்துவிட்டாள். "ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்."

கருவிழிக்குள் கடல் வந்தது. கடலுக்கு அப்பால் பச்சையாய் ஒரு மலை, மழைத்தூறல், கிரேன்கள், ஒரு நீண்ட வெள்ளைக் கட்டிடம், அதில் ஒரு திறந்த சன்னல். சன்னலுக்கு அந்தப்பக்கம் ஒரு கட்டிலில், இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு, தாடி வளர்ந்த ஒருவன் பக்கத்துக் கட்டில்காரனோடு எதற்காகவோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சண்டையில் கை வீசுகிற விதம் அவனுடையது. அவள் முதலில் கைவிரல்களை எண்ணினாள், பிறகு கால்களை, பிறகு மறுபடியும் விரல்களை.

"இருக்கானா?" என்றார் ஓட்டைக்கு வெளியே வேதமாணிக்கம். அவர் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் கண் தெரியவில்லை; உடைந்த சுவரும் அதற்குள் அவள் முகமும்தான் தெரிந்தன.

"இருக்கான்" என்றாள். "தாடி வச்சிருக்கான், சவம். கால ஒடச்சிருக்கான். போன் பண்ணத் தெரியாதாட்டு உனக்கு, கழுத?" கடைசி வாக்கியம் கண்ணுக்குள்ளே சொன்னது. சொல்லச் சொல்ல அவள் அழுதாள். வேதமாணிக்கம் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், கிணற்றடிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கண் நான்கு மணிவரை தாக்குப்பிடித்தது. பிறகு மெல்ல மூடியது. அந்த ஓட்டை வழியாக ரோஸ்லெட்டுக்குக் கிணறும், ஈரக்கல்லும், காப்பியோடு வந்து நின்ற சாந்தபாயும் தெரிந்தார்கள்.

புதன்கிழமை ஞானசீலன் ஒரு நர்ஸின் போனிலிருந்து பேசினான். ஏணியிலிருந்து விழுந்ததில் கால் ஒடிந்திருந்தது, போன் கடலுக்குள் போயிருந்தது. யாருடைய நம்பரும் மனப்பாடம் இல்லாததால் இத்தனை நாளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தப்பு நம்பர்களைப் போட்டுப் பார்த்திருந்தான். புரட்டாசியில் கைத்தடியோடு ஊருக்கு வந்தான். சன்னலைப் பார்த்தான், கேட்டான், நம்பினானா என்று சொல்லவில்லை. அவன் கொண்டுவந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களை வேதமாணிக்கம் வாங்கி, வழக்கப்படி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். கால் எலும்புக்கான மருந்துகளுக்கெல்லாம் கீழே, ஆகஸ்ட் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை என்று தேதியிட்டு, நோயாளியின் இரண்டு கண்களிலும் செங்கல் தூசி, கழுவிச் சொட்டு மருந்து விடப்பட்டது, என்று எழுதியிருந்தது.